கில்டோனனின் வழித்தோன்றல்கள்

ஸ்காட்லாந்தின் வடகோடியில் சதர்லாந்து என்றொரு மாவட்டம். அதன் கிழக்குப் பக்கத்தில், ஹெல்ம்ஸ்டேல் ஆறு வடகடலைச் சேருமுன் இறங்கிவரும் நீண்ட பள்ளத்தாக்கில் கில்டோனன் சேகரம் இருக்கிறது. 1811-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அங்கே 1,574 பேர். 1831-ல் எண்ணியபோது மிஞ்சியவர்கள் 257 பேர். பஞ்சமோ கொள்ளைநோயோ அதற்குக் காரணமல்ல; ஆடுகள் வந்தன. சதர்லாந்துச் சீமாட்டி எலிசபெத்தும் அவர் கணவர் ஸ்டாஃபோர்ட் பிரபுவும் தங்கள் நிலத்தைப் பெரிய ஆட்டுப் பண்ணைகளாக்கிக் குத்தகைக்கு விடத் தீர்மானித்தார்கள். 1813-லும் 1819-லும் இரண்டு பெரிய அலைகளாகப் பழைய குடிகள் அகற்றப்பட்டார்கள். சிலர் கடற்கரைத் துண்டு நிலங்களுக்குப் போனார்கள், சிலர் பக்கத்துக் கெய்த்னஸ் மாவட்டத்துக்கு, சிலர் கடல் கடந்து. அப்படிப் போனவர்களின் பேரர்களும் கொள்ளுப் பேரர்களும் அவர்களின் பேரர்களும் இன்று கனடாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் கில்டோனனை நோக்கித் தேடி வருகிறார்கள். வருகிறவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: என் பாட்டனுக்குப் பாட்டனின் தகப்பன் யார்? கேள்வியை இந்த வடிவில் கேட்பதுதான் தேடலைக் கெடுக்கிறது என்பது என் கட்சி. கில்டோனனைப் பற்றி எஞ்சியிருக்கும் காகிதங்களுக்கு ஒரு தனிமனிதரின் கொடிவழியைத் தாங்கும் வலு இல்லை. ஆனால் ஒரே ஆற்றங்கரையில் சேர்ந்து உழுது, ஒன்றாக விரட்டப்பட்டு, ஒன்றாகவே வேறொரு கரையில் குடியேறிய பத்திருபது வீடுகளை அவை நன்றாகவே காட்டுகின்றன. தேட வேண்டியது அந்த வீடுகளின் கூட்டத்தை. ஒற்றை ரத்த வழி அதற்குள்தான், கிடைத்தால், கிடைக்கும்.

முதலில் எல்லோரும் போய் நிற்கும் இடம் சேகரப் பதிவேடு. ஸ்காட்லாந்தில் சேகரம் என்பது கோயிலின் எல்லை மட்டுமல்ல. பள்ளிக்கூடம், ஏழைகளுக்கான உதவி, ஒழுக்க விசாரணை எல்லாம் அந்த எல்லைக்குள்தான் நடந்தன. போதகரோ அவருடைய எழுத்தரோ ஞானஸ்நானத்தையும் திருமண அறிவிப்பையும் ஒரு புத்தகத்தில் எழுதிவைத்தார்கள். நாடு முழுவதும் 900-க்கும் மேற்பட்ட சேகரங்களிலிருந்து ஏறத்தாழ 3,500 தொகுதிகள் எஞ்சியுள்ளன. அவற்றில் மிகப் பழையது பெர்த்ஷயரின் எரல் சேகரத்தில் 1553-ல் தொடங்குகிறது. இந்தக் கணக்கைக் கேட்டு மயங்கிவிடக் கூடாது. தெற்கே ஓரளவு நிறைவாக இருக்கும் பதிவுகள் வடக்கே மலைநாட்டுக்குப் போகப்போக மெலிந்துகொண்டே வருகின்றன. கில்டோனன் பதிவேடு 18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு முன்னால் நம்மை அழைத்துப்போவதில்லை. 1813-ல் கப்பலேறிய முப்பது வயதுக்காரரின் பிறப்பே அதன் தொடக்க எல்லையைத் தாண்டி விழுகிறது. அவருடைய பெற்றோரைப் பற்றிப் பேச்சே வேண்டாம். போதாக்குறைக்கு, 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பிறப்பு, திருமண, அடக்கப் பதிவுக்கும் மூன்று பென்னி முத்திரை வரி இருந்தது. பரம ஏழைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் தன்னைப் பரம ஏழையென்று ஒத்துக்கொள்ளவும் மனமில்லாமல், மூன்று பென்னி கொடுக்கவும் மனமில்லாமல் இருந்த குடியானவர்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு எழுதாமலே விட்டிருக்கலாம். இறப்பை எழுதுவது பல சேகரங்களில் வழக்கத்திலேயே இல்லை. ஆகவே பதிவேட்டில் பெயர் இல்லை என்பதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அதைவிட ஆபத்து, பெயர் இருக்கும்போதுதான்.

ஏனென்றால் அதே பெயர் பத்துப் பேருக்கு இருக்கும். கன், சதர்லாந்து, பேனர்மேன், மேத்திசன், போல்சன், மெக்கே, மெக்பெத் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பப் பெயர்களுக்குள் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. முன்பெயரிலும் தாராளம் கிடையாது. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்பது பரவலாகக் கைக்கொள்ளப்பட்ட முறை. நம் வீடுகளிலும் பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கம் உண்டு என்பதால், இதன் விளைவைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை: நான்கு அண்ணன் தம்பிகள் இருந்தால், அவர்களுடைய மூத்த மகன்கள் நால்வருக்கும் ஒரே பெயர், ஒரே குடும்பப் பெயர், சற்றேறக்குறைய ஒரே வயது. ஊருக்குள் இது யாருக்கும் தொல்லை தரவில்லை. கேலிக் மொழியில் ஒருவரை அவருடைய அப்பா, தாத்தா, பூட்டன் பெயர்களைச் சங்கிலியாகக் கோத்தோ, தலைமுடியின் நிறத்தையோ தொழிலையோ சேர்த்தோ அழைத்தார்கள், குழப்பம் வராது. ஆங்கிலத்தில் எழுதிய போதகர் அந்தச் சங்கிலியை வெட்டிவிட்டு ‘அலெக்ஸாண்டர் சதர்லாந்து’ என்று மட்டும் ஏட்டில் ஏற்றினார். ஆகையால் பெயரும் வயதும் பொருந்துகிறது என்று ஒரு பதிவைத் தன் முன்னோராக எடுத்துக்கொள்பவர் தன் பெரியப்பனையோ சித்தப்பனையோ, சில வேளை எந்த உறவுமில்லாத ஒருவரையோ தகப்பனாக்கிக்கொள்கிறார். பதிவேடு தரும் ஒரே மீட்பு, அது தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையும் குடியிருப்பின் பெயரையும் சேர்த்துச் சொல்வது. ஸ்காட்லாந்தில் திருமணத்துக்குப் பின்னும் பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவேடுகளிலும் கல்லறைகளிலும் குறித்தார்கள். தாய் யார், குடியிருப்பு எது என்ற இரண்டும்தான் ஒரு சதர்லாந்தை இன்னொரு சதர்லாந்திலிருந்து பிரிக்கின்றன. இரண்டுமே அக்கம்பக்கத்தைச் சுட்டும் தகவல்கள். தகப்பன் வழியைச் சுட்டுபவை அல்ல.

கோயில் ஏட்டை விட்டு ஜமீன் கணக்குக்கு வந்தால் படம் இன்னும் கூர்மையாகிறது. சதர்லாந்து எஸ்டேட்டின் காகிதங்கள் எடின்பரோவில் ஸ்காட்லாந்துத் தேசிய நூலகத்தில் இருக்கின்றன: குத்தகைக் கணக்குகள், காரியஸ்தர்களின் கடிதங்கள், வெளியேற்ற நோட்டீஸ்கள், மனுக்கள். கோயில் ஏடு குழந்தைகளை எழுதியது. இவை குடியிருப்புகளை எழுதின. எந்த ஊரில் யார் எவ்வளவு குத்தகை கட்டினார், யார் யாரோடு கூட்டாகப் பிடித்திருந்தார் என்பது இதில்தான் தெரியும். குறை, குத்தகைதாரரை மட்டும்தான் இவை அறியும். அவருக்குக் கீழே உள்குத்தகை வைத்திருந்தவர், குடிசையும் ஒரு பசுவும் மட்டும் உள்ளவர், விதவை, வேலைக்காரப் பெண் யாரும் கணக்கில் வரமாட்டார்கள். அந்தக் காலத்து மலைநாட்டு ஊரில் இவர்கள்தான் அதிகம். வில்லியம் யங், பேட்ரிக் செல்லர், ஜேம்ஸ் லாக் போன்ற எஸ்டேட் நிர்வாகிகளின் கடிதங்களில் இந்த மக்களைப் பற்றி நல்ல வார்த்தை அரிது. ஆனால் வம்சாவளி தேடுகிறவர் பகைவன் எழுதியதை ஒதுக்க முடியாது. ஓர் ஊரில் தொல்லை கொடுப்பவர்கள் இன்னின்னார் என்று காரியஸ்தர் பட்டியல் போட்டால், அவர்கள் ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே நோக்கத்தோடு நின்றார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. படைப்பதிவேடுகளும் இப்படித்தான். 1799-1800-ல் சதர்லாந்தில் திரட்டப்பட்ட 93-ஆம் ரெஜிமென்டில் இந்தப் பள்ளத்தாக்குகளின் இளைஞர்கள் சேர்ந்தார்கள். மகனைப் படைக்குக் கொடுத்தால் நிலம் நிலைக்கும் என்று நம்பிய குடும்பங்கள் உண்டு. வீடுகளுக்கு நோட்டீஸ் வந்தபோது அந்த ரெஜிமென்ட் நன்னம்பிக்கை முனையில் காவல் இருந்தது.

1813-ன் தொடக்கத்தில் கில்டோனன் மக்கள் சும்மா இருக்கவில்லை. நிலத்தைப் பார்க்க வந்த ஆட்டுப் பண்ணைக்காரர்களை விரட்டினார்கள். கலவரம் என்று சொல்லிப் படை வரவழைக்கப்பட்டது. முன்னாள் படைவீரர் வில்லியம் மெக்டொனால்டு ஊரார் மனுவை எடுத்துக்கொண்டு லண்டன் போனார். மனு பலிக்கவில்லை, ஆனால் அங்கே செல்கிர்க் பிரபுவின் தொடர்பு கிடைத்தது. 1811-ல் ஹட்சன் விரிகுடாக் கம்பெனியிடமிருந்து இன்றைய கனடாவில் ரெட் ரிவர் ஆற்றின் கரையில் 1,16,000 சதுர மைல் நிலம் பெற்றிருந்த செல்கிர்க்குக் குடியேற ஆள் தேவை. கில்டோனனிலும் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ 700 பேர் போக முன்வந்தார்கள். கப்பலில் இடம் கிடைத்தது நூறு பேருக்கும் குறைவாகவே. இந்த விகிதத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: போக விரும்பியவர்களில் ஏழுக்கு ஒருவர்தான் போனார். அந்த ஒருவரும் தனியாகப் போகவில்லை. அண்ணனும் தங்கையும், மாமன் வீட்டுப் பையனும் அடுத்த வீட்டுப் பெண்ணும் என்று கூட்டமாகவே போனார்கள். பெரும்பாலும் இளையவர்கள், பெற்றோர் பின்னால் வருவார்கள் என்ற எண்ணத்தில் முன்னால் அனுப்பப்பட்டவர்கள். ஓர்க்னித் தீவின் ஸ்ட்ராம்னெஸ்ஸிலிருந்து ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ கப்பல் ஜூன் மாதம் புறப்பட்டது. வழியில் டைபஸ் காய்ச்சல் பிடித்தது. பலர் இறந்தார்கள், குழுவோடு வந்த மருத்துவரும் இறந்தார். ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள யார்க் ஃபேக்டரிக்குக் கொண்டுபோக வேண்டிய கப்பல் தலைவர் அவர்களை வடக்கே சர்ச்சிலில் இறக்கிவிட்டுத் திரும்பினார். குளிர்காலத்தை அங்கேயே மரக் குடிசைகளில் கழித்தார்கள். 1814 ஏப்ரலில், நடக்க வலுவிருந்த ஒரு குழு பனிக்காலணி கட்டிக்கொண்டு 150 மைல் தொலைவிலுள்ள யார்க் ஃபேக்டரிக்கு நடந்தது. பைக்குழல்காரர் ராபர்ட் கன் வாசித்துக்கொண்டு வந்தார் என்பது அந்தப் பயணத்தைப் பற்றி எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் விவரம். வம்சாவளிக்காரருக்கு அதைவிட மதிப்புள்ள விவரம் ஒன்று உண்டு. குழுவை நடத்திச் சென்ற ஆர்ச்சிபால்டு மெக்டொனால்டு காலத்துக் கம்பெனிக் காகிதங்களில் இவர்களின் பட்டியல் எஞ்சியிருக்கிறது: பெயர், வயது, பலருக்குச் சொந்த ஊர், சிலருக்கு அவர்கள் இறந்தது பற்றிய குறிப்பு.

பிறந்த சேகரத்தில் பெயர் ஏறாத ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு, விட்டுப்போன பிறகுதான் வயதும் ஊரும் எழுதப்படுகின்றன. கம்பெனிக்கு அவள்மேல் அன்பு என்பதல்ல. ஒவ்வொரு வாய்க்கும் எவ்வளவு மாவு, ஒவ்வொரு கைக்கும் என்ன வேலை என்று கணக்கு வைக்க வேண்டியிருந்தது. கில்டோனன் குடிகளை நிறைவாக எழுதியவர்கள் அவர்களைச் சுமையாகவோ சரக்காகவோ பார்த்தவர்கள்தான். அந்தப் பட்டியலைத் தன் குலத்துப் பெயர் வரும் வரி வரை மட்டும் படித்துவிட்டு மூடுகிறவர் அதன் பயனில் பத்தில் ஒரு பங்கைக்கூட எடுப்பதில்லை. முழுவதையும் ஊர் வாரியாகப் பிரித்துப்போட்டு, எஸ்டேட் குத்தகைக் கணக்கின் பக்கத்தில் வைத்தால்தான் யார் யாருக்கு அண்டை வீடு, யார் யாரோடு கப்பலில் சேர்ந்து வந்தார் என்பது புலப்படும்.

பிறகு நடந்தது இந்த முறையின் தேவையை இன்னும் கூட்டுகிறது. ரெட் ரிவரில் விலங்குத் தோல் வணிகத்தில் ஹட்சன் விரிகுடாக் கம்பெனிக்குப் போட்டியாக நின்ற நார்த் வெஸ்ட் கம்பெனி, குடியேற்றத்தைக் கலைக்க முயன்றது. 1815-ல் அதன் தூண்டுதலால் 140 பேர் அளவில் கிழக்கே இன்றைய ஒன்டாரியோவுக்குப் போய்விட்டார்கள். சிம்கோ ஏரிக்குத் தெற்கே வெஸ்ட் குவிலிம்பரியில் அவர்களில் ஒரு பகுதியினர் குடியமர்ந்தார்கள். அதே ஆண்டு சதர்லாந்திலிருந்து இன்னொரு கூட்டம் ரெட் ரிவருக்கு வந்துசேர்ந்தது. 1816 ஜூன் 19-ல் இந்தப் போட்டியில் மூண்ட செவன் ஓக்ஸ் மோதலில் ஆளுநர் ராபர்ட் செம்ப்பிளும் அவருடன் இருபது பேரும் கொல்லப்பட்டார்கள். 1817-ல் செல்கிர்க் நேரில் வந்து நிலத்தைப் பகிர்ந்துகொடுத்தபோதுதான் குடியேற்றத்துக்குக் கில்டோனன் என்று பெயரிடப்பட்டது. இன்று அது வினிபெக் நகரின் பகுதி. இதனால் ஒரே குடியிருப்பைச் சேர்ந்த உடன்பிறந்தார் மூன்று வேறு ஆவணக் காப்பகங்களில் சிதறிக் கிடக்கிறார்கள். 1957 முதல் 1963 வரை கனடாவின் பிரதமராக இருந்த ஜான் டீஃபன்பேக்கரின் தாய்வழி மூதாதையர் கில்டோனன் பேனர்மேன்கள். 1813 கப்பலில் வந்து, பின்னர் ஒன்டாரியோவுக்குப் போன கிளை. பிரதமர் ஒருவர் வந்த கிளை என்பதால் அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதே பெயரோடு மேற்கிலோ கடற்கரையிலோ தங்கிப்போன கிளைகளை ஒட்டவைக்க அத்தனை ஆவல் யாரிடமும் இல்லை.

ரெட் ரிவரில் மிஞ்சியவர்களின் பதிவுகளிலும் ஒரு பொறி உண்டு. தங்கள் பிரெஸ்பிட்டேரியன் சபைக்குப் போதகர் அனுப்புவதாகச் சொன்னதை நம்பி வந்தவர்கள் அவர்கள். ஆனால் 1820-ல் வந்தவர் ஆங்கிலிக்கன் போதகர் ஜான் வெஸ்ட். பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஜான் பிளாக் வந்துசேர்ந்தது 1851-ல். நடுவில் முப்பது ஆண்டுக் காலத் திருமணங்களும் ஞானஸ்நானங்களும் ஆங்கிலிக்கன் ஏட்டில்தான். ஏட்டை மட்டும் பார்த்தால் இவர்கள் மதப்பிரிவையே மாற்றிக்கொண்டதாகத் தோன்றும். கிடைத்த போதகரிடம் வேறு வழியின்றிப் போனவர்கள் என்பதுதான் உண்மை. கம்பெனி எடுத்த ரெட் ரிவர் குடிமதிப்புகள், 1827 தொடங்கி, குடும்பத் தலைவர், வயது, மதம், பிறந்த நாடு, மாடுகள், ஏர்கள் என்று எழுதின. மனைவி மக்களுக்கு அவற்றில் எண்ணிக்கை மட்டுமே. 1870-ல் மனிடோபா கனடாவில் சேர்ந்தபின் ஒரு வேடிக்கை நடந்தது: 1813-க்கும் 1835-க்கும் இடையே வந்த வெள்ளைக் குடியேறிகளுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் 160 டாலர் பெறுமான நிலப்பத்திரம் தருவதென்று அரசு தீர்மானித்தது. அதுவரை தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று கவலைப்படாதவர்களுக்கும் திடீரென்று வம்சாவளி தேவைப்பட்டது. அந்தக் கோரிக்கைகளில் இருப்பது பயன்தரும் சான்று. ஆனால் பணத்துக்காகச் சொன்ன உறவு என்பதையும் மறக்கக் கூடாது. அதே காலத்தில், பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழியினரான மெட்டி மக்களும் தங்கள் நிலப்பத்திரத்துக்காகத் தாய்வழியையும் தகப்பன் வழியையும் சொல்லி உறுதிமொழி எழுதிக் கொடுத்தார்கள். கில்டோனன் வழித்தோன்றல்கள் எழுதிக்கொண்ட குடும்ப வரலாறுகளில் இந்த இரண்டாவது குவியல் அதிகம் எட்டிப்பார்ப்பதில்லை. அவற்றில் விடுபடும் இன்னொருவர், வந்திறங்கிய முதல் ஆண்டுகளில் குடியேறிகளைப் பசியிலிருந்து காத்த சோட்டோ பழங்குடித் தலைவர் பெகுவிஸ்; 1817-ல் செல்கிர்க்கோடு உடன்படிக்கையில் கையொப்பமிட்டவர் அவர். அவருடைய மக்கள் 1907-ல் செயின்ட் பீட்டர்ஸ் ஒதுக்கு நிலத்தையும் இழந்தார்கள். நிலமிழந்தவர்களாக வந்தவர்களின் அக்கம்பக்கத்தில் இவர்களும் உண்டு. ஒற்றைக் கொடிவழியில் அவர்களுக்கு இடமே வராது.

இதையெல்லாம் சொன்னால் முதலில் எழும் மறுப்பு மரபணுச் சோதனை. காகிதம் பொய் சொல்லலாம், உடம்பு சொல்லாது. எச்சில் கொடுத்தால் உறவு தெரிந்துவிடுமே என்பார்கள். 1813-ன் தலைமுறை இன்றையவருக்கு ஏழு தலைமுறைத் தொலைவு என்று வைத்தால், அந்தப் படியில் மட்டும் ஒருவருக்கு 128 முன்னோர். அவ்வளவு தொலைவில் ஒரு குறிப்பிட்ட முன்னோரின் மரபணு உங்களிடம் துளியும் வராமல் போகக்கூடும். உண்மையாகவே தூரத்து ஒன்றுவிட்ட உறவினரான இருவரிடம் கண்டறியத்தக்க பொதுத் துண்டு இல்லாமல் இருப்பதுதான் பெரும்பாலான நேரங்களில் நடப்பது. மறுபக்கம், ஒரே பள்ளத்தாக்குக்குள் பல தலைமுறை கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த கூட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் பல வழிகளில் உறவு. சோதனையில் தெரியும் பொருத்தம், இருக்க வேண்டியதைவிட நெருக்கமான உறவுபோலக் காட்டும். தகப்பன் வழியாக மட்டும் இறங்கும் ஒய்-குரோமோசோம் தெளிவாகப் பேசும் என்றாலும், குலத்தலைவனின் நிலத்தில் குடியிருந்தவர்கள் அவன் பெயரைத் தங்களுக்கு எடுத்துக்கொண்ட சமூகத்தில், இரண்டு கன்களின் தகப்பன் வழி வேறுபட்டிருந்தால் வியக்க ஒன்றுமில்லை. ஆக, மரபணு சொல்லக்கூடியது ‘நீங்கள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்’ என்பதைத்தான். என் வாதத்தின் பக்கமே அது சாய்கிறது.

இரண்டாவது மறுப்பு குடும்பக் கதை. ஏட்டில் எழுதாதவர்கள் வாயில் வைத்திருந்தார்கள். ஏழு தலைமுறை பெயர் சொல்லும் முதியவர்கள் இருந்த நாட்டில் வாய்மொழியைத் தள்ளலாமா? தள்ளக் கூடாது. 1883-ல் நேப்பியர் விசாரணைக் குழு மலைநாடு முழுக்கச் சென்று குடியானவர்களைக் கேட்டபோது, எழுபது ஆண்டு முன்பு எந்தெந்த ஊர் எப்படி இருந்தது, யார் வெளியேற்றப்பட்டார் என்று பலர் விரிவாகச் சொன்னார்கள். அது ஏட்டில் ஏறி அச்சானது. ஊர்ப் பெயர்களையும் அண்டை வீடுகளையும் சொல்வதில் வாய்மொழி நன்றாகவே நிற்கிறது. தேதியும் காரணமும் வரும்போதுதான் வழுக்குகிறது. 1814-ல் ஸ்ட்ராத்னேவரில் வீடுகளுக்குத் தீ வைத்ததாகப் பேட்ரிக் செல்லர்மேல் வழக்கு நடந்தது; 1816-ல் இன்வர்னெஸ்ஸில் அவர் விடுதலையானார். ஸ்ட்ராத்னேவர்க் கொத்தர் டொனால்டு மக்லியோடு 1840-41-ல் எடின்பரோப் பத்திரிகையில் எழுதிய கடிதங்கள் அந்த நெருப்பை உலகறியச் செய்தன. அதன் பிறகு சதர்லாந்தின் எந்த மூலையிலிருந்து போன குடும்பத்தின் கதையிலும் எரியும் கூரையும் செல்லரும் எளிதில் நுழைந்துவிட முடிந்தது. 1813-ல் கில்டோனனிலிருந்து போனவர்கள் வெளியேற்றத்தை எதிர்த்து, பேரம் பேசி, பயணச் செலவுக்கு வழி செய்து, தாங்களே தேர்ந்தெடுத்துப் போனவர்கள். விரட்டல் பொய் என்று இதற்குப் பொருளில்லை. வீட்டைவிட்டுப் போ என்ற நோட்டீஸ் இல்லையென்றால் தேர்வே எழுந்திருக்காது. ஆனால் மிகக் கதியற்றவர்கள் கப்பலேறவில்லை என்பதைக் குடும்பக் கதை மறந்துவிடுகிறது. கதையை ஊரோடு ஒட்டிப் படித்தால் அது உதவும். ஒரு குடும்பத்தின் தனிச் சொத்தாகப் படித்தால் மற்றவருடைய துன்பத்தை நம் பாட்டன் கணக்கில் எழுதிக்கொள்வோம்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. அக்கம்பக்கத்தை வைத்து உறவைத் தீர்மானிப்பது ஊகம். ஒரே ஊர், ஒரே கப்பல், ஒரே கோயில் என்பதால் இருவர் உடன்பிறந்தார் ஆகிவிடமாட்டார். சான்று இல்லாத இடத்தில் நிகழ்தகவை வைத்துப் பூசுகிறீர்கள் என்று ஒரு கண்டிப்பான ஆய்வாளர் சொல்லலாம். கூட்டத்தைத் தேடுவது அங்கேயே நின்றுவிட்டால் இந்தக் குற்றச்சாட்டு சரிதான். ஆனால் கூட்டத்தைத் தேடினால்தான் கண்ணில் படும் நேரடிச் சான்று ஒன்று இருக்கிறது. 1855 ஜனவரி முதல் நாளிலிருந்து ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு கட்டாயமானது. முதல் ஆண்டுப் படிவம் அதிகாரிகளே மூச்சுத் திணறும் அளவுக்கு விவரம் கேட்டது. இறந்தவரின் பிறந்த இடம், பெற்றோர் இருவர் பெயர், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் அனைவர் பெயரும் வயதும். அடுத்த ஆண்டே படிவத்தைச் சுருக்கினார்கள். பெற்றோர் பெயரும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் மட்டும் நிலைத்துவிட்டன. இதை 1813-உடன் சேர்த்துப் பாருங்கள். 1785-ல் பிறந்த அக்கா கில்டோனனை விட்டு ஹெல்ம்ஸ்டேல் துறைமுகத்துக்கு வந்து, மீனுக்கு உப்பிட்டுப் பிழைத்து, எழுபது வயதைத் தாண்டி இறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய இறப்புப் பதிவில் தாய் தகப்பன் பெயர் இருக்கும். கப்பலேறி மனிடோபாவிலோ ஒன்டாரியோவிலோ இறந்த தம்பிக்கு அது கிடையாது. அவன் இறந்த இடத்தில் அந்தக் கேள்வியை அக்காலத்தில் யாரும் கேட்கவில்லை. தம்பியின் வழித்தோன்றல் தன் நேர் கோட்டில் எத்தனை தேடினாலும் தம்பியின் பெற்றோரை எட்ட முடியாது. அக்காவைத் தேடினால் எட்டலாம். பதிவைக் கொடுத்த மகனோ அண்டை வீட்டுக்காரரோ தவறாகச் சொல்லியிருக்கலாம், பலமுறை சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் உடன்பிறந்தார் மூவர் நால்வரின் பதிவுகள் தனித்தனியே ஒரே பெற்றோரைச் சொன்னால் அதை ஊகம் என்று யாரும் தள்ளமாட்டார்கள்.

இதற்காக ஹெல்ம்ஸ்டேலுக்குப் போகிறவர் எல்லைக் குழப்பத்தையும் கவனிக்க வேண்டும். 1814-ஐ ஒட்டி, அகற்றப்பட்டவர்களைக் குடியேற்றவும் ஹெரிங் மீன்பிடியை வளர்க்கவும் எஸ்டேட் உருவாக்கிய அந்தத் துறைமுக ஊர் அப்போது லோத் சேகரத்துக்குள் இருந்தது. பிறகுதான் கில்டோனனோடு இணைக்கப்பட்டது. 1831-ல் 257 ஆக இருந்த கில்டோனன் மக்கள்தொகை நூற்றாண்டின் நடுப்பகுதிக் கணக்குகளில் இரண்டாயிரத்தைத் தாண்டி நிற்பதன் இரகசியம் இதுதான். பள்ளத்தாக்குக்கு யாரும் திரும்பி வந்துவிடவில்லை. பெயரெழுதிய முதல் குடிமதிப்பு 1841-ல் வருகிறது. அதற்குள் உள்நாட்டுக் குடியிருப்புகள் காலியாகிவிட்டன. ஆனால் துறைமுகத் தெருக்களில் அதே கன்களும் பேனர்மேன்களும் இருக்கிறார்கள். கெய்த்னஸ் எல்லையைத் தாண்டிப் பாறை விளிம்பில் பாட்பே போன்ற ஊர்களில் வேறு இடங்களிலிருந்து துரத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். பாட்பேயில் இன்று நிற்கும் நினைவுத்தூணை 1911-ல் எழுப்பியது, 1839-ல் அங்கிருந்து நியூசிலாந்து போன ஒருவரின் மகன். போனவரின் மகனுக்குத் தூண் கட்டக் காசிருந்தது. ஊரிலேயே கிடந்து 1845-க்குப் பிந்தைய ஏழைகள் பதிவேட்டில் வாரத்துக்கு இத்தனை ஷில்லிங் என்று குறிக்கப்பட்டவர்களைத் தேடி வினிபெக்கிலிருந்தோ நியூசிலாந்தின் டனீடினிலிருந்தோ வருபவர் அரிது. ஆனால் வினிபெக்காரரின் முப்பாட்டனுக்குத் தாய் யார் என்ற கேள்விக்கு விடை, அந்தப் பதிவேட்டின் ஏதோ ஒரு பக்கத்தில், ஒரு கிழவியின் பெயருக்கு எதிரே எழுதப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.